களிம்பும் சாட்சியும்

தமிழில் துலக்குதல் என்ற சொல்லுக்கு இரண்டு பொருள்கள் உண்டு. பாத்திரத்தைத் தேய்த்துப் பளபளப்பாக்குவது ஒன்று. மறைந்து கிடக்கும் உண்மையை வெளிக்கொணர்வது மற்றொன்று. காவல்துறையினர் துப்புத் துலக்குவதாக நாளிதழ்கள் இன்றும் எழுதுகின்றன. அழுக்கை நீக்கினால் உண்மை தெரியும் என்ற நம்பிக்கை இச்சொல்லுக்குள் இருக்கிறது. ஆனால் நம் ஆலயங்களின் செப்புத் திருமேனிகளைப் பொறுத்தவரை இவ்விரு பொருள்களும் ஒன்றுக்கொன்று பகையாகிவிடும் தருணங்கள் உண்டு. முதல் துலக்கல் இரண்டாவதை நடக்கவிடாமல் செய்துவிடும். உலோகத்தைச் சுத்தம் செய்யும் முறைகளின் வரலாற்றை, புளியும் சாம்பலும் தொடங்கி மீயொலிக் கருவி வரை, இந்தக் கோணத்திலிருந்து பார்க்கலாம்.

அதற்கு உதவக்கூடிய ஒரு திருமேனி கள்ளக்குறிச்சிக்கு உரியது. கல்வராயன் மலைக்குக் கிழக்கே விரியும் சமவெளியில் உள்ள ஊர் வீரசோழபுரம். இங்குள்ள சிவன் கோயிலில் பரவை நாச்சியாருடன் சுந்தரர் நிற்கும் செப்புப் படிமம் ஒன்று இருந்தது. விஜயநகரக் காலத்தது, 16ஆம் நூற்றாண்டினது என்று கணிக்கப்படுவது. 1956ஆம் ஆண்டு அது அக்கோயிலில் வைத்துப் புகைப்படம் எடுக்கப்பட்டது. பின்னர் அது கோயிலில் இல்லை. 1987ஆம் ஆண்டு ஆர்தர் சாக்லர் என்ற சேகரிப்பாளரின் நன்கொடையோடு வாஷிங்டனிலுள்ள ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் ஆசியக் கலை அருங்காட்சியகத்தை அடைந்திருந்தது. 2022ஆம் ஆண்டு, இக்கோயிலிலிருந்து களவுபோன படிமங்கள் அமெரிக்காவில் இருப்பதைத் தமிழகச் சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவு வெளியிட்டது. 2026 ஜனவரியில், சுந்தரர்-பரவை படிமம் உள்ளிட்ட மூன்று படிமங்களை இந்தியாவுக்குத் திருப்பித் தர முடிவு செய்திருப்பதாக அந்த அருங்காட்சியகம் அறிவித்தது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் காப்பகத்தில் இருந்த அந்த 1956ஆம் ஆண்டுப் புகைப்படமே முடிவான சான்றாக அமைந்தது.

ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை வைத்துக்கொண்டு இதுதான் அது என்று எப்படிச் சொல்ல முடிகிறது? விடை வார்ப்பு முறையில் இருக்கிறது. மெழுகில் உருவம் செய்து, மண் பூசி, சூடேற்றி மெழுகை வடித்து, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுவது நம் ஸ்தபதிகளின் முறை. உலோகம் ஆறியபின் மண் கருவை உடைத்துத்தான் படிமத்தை எடுக்க வேண்டும். ஆகவே ஒரு கருவுக்கு ஒரு படிமம்தான். இலக்கணம் ஒன்றாக இருந்தாலும் இரண்டு படிமங்கள் அச்சு அசலாக ஒன்றாக இருப்பதில்லை. பீடத்தின் ஓரத்தில் ஒரு குழி, ஆடை மடிப்பில் ஓர் ஒழுங்கின்மை, விரல் நுனியில் ஒரு முறிவு என ஒவ்வொன்றுக்கும் கைரேகை போன்ற அடையாளங்கள் உண்டு. குறைகள் என்று நாம் நினைப்பவைதான் இங்கே பெயரும் முகவரியும். தேய்த்து, அராவி, மெருகேற்றும்போது முதலில் மறைபவையும் இந்தக் குறைகள்தான்.

நம் மரபில் செம்பின் அழுக்குக்குத் தனிப்பெயர் உண்டு: களிம்பு. சைவ சித்தாந்தம் ஆணவ மலத்தை விளக்கச் செம்பையும் களிம்பையும் உவமை காட்டும். செம்பு என்று தோன்றியதோ அன்றே களிம்பும் உடன் இருக்கிறது. அது வெளியிலிருந்து வந்து ஒட்டியதன்று. தேய்த்தால் போகும், மீண்டும் வரும் என்பது அதன் கருத்து. வீட்டுக் குத்துவிளக்கைத் தேய்த்தவர் எவருக்கும் இவ்வுவமை உடனே விளங்கும். புளியிலுள்ள டார்டாரிக் அமிலமும் எலுமிச்சையின் சிட்ரிக் அமிலமும் செம்பின் ஆக்சைடைக் கரைக்கின்றன. சாம்பலும் செங்கற்பொடியும் உராய்ந்து எடுக்கின்றன. ஒவ்வொரு முறையும் மிக மெல்லிய அளவு உலோகமும் உடன் போகிறது. ஆண்டுக்கணக்கில் பார்த்தால் இது ஒன்றுமில்லை. நூற்றாண்டுக் கணக்கில் பார்த்தால் மூக்கும் இதழும் மழுங்கிவிடுகின்றன. பல நூற்றாண்டுகள் இடையறாது வழிபாட்டில் இருந்த படிமங்களின் முகங்கள் வழுவழுப்பாகத் தேய்ந்திருப்பதையும், மண்ணுக்குள் புதைந்து கிடந்தவை கூர்மையான செதுக்கல்களுடன் வெளிப்படுவதையும் அருங்காட்சியகத்தில் அருகருகே காணலாம். மண் அழித்ததைவிட அன்பு தேய்த்தது அதிகம் என்று சொல்லத் தோன்றும்.

ஆனால் மண்ணும் சும்மா விடுவதில்லை. படையெடுப்பு அச்சத்தாலோ வேறு காரணங்களாலோ புதைக்கப்பட்ட படிமங்களின் மேல் மண்ணிலுள்ள உப்பு வேலை செய்கிறது. குளோரைடு செம்புடன் சேர்ந்து குப்ரஸ் குளோரைடாகி உள்ளே தங்கிவிடுகிறது. படிமத்தை வெளியே எடுத்து ஈரக்காற்றில் வைத்தால், ஈரமும் பிராணவாயுவும் சேர்ந்து அதிலிருந்து அமிலத்தை உண்டாக்குகின்றன. அந்த அமிலம் மேலும் செம்பைத் தின்கிறது. மீண்டும் குளோரைடு, மீண்டும் அமிலம். வெளிர்பச்சைப் பொடியாக உதிரும் இந்நிலையை வெண்கல நோய் என்கிறார்கள். இந்தச் சுழற்சியை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் விளக்கியவர் பிரெஞ்சு வேதியியலாளர் பெர்த்தலோ. தேய்த்தாலும் களிம்பு மீண்டும் வருவது ஏன் என்ற கேள்விக்கு வேதியியல் தந்த விடை அது.

நோய் என்றால் மருத்துவமும் வேண்டும். பெர்லின் அரசு அருங்காட்சியகங்கள் 1888ஆம் ஆண்டு ஃபிரீட்ரிக் ராத்கென் என்ற வேதியியலாளரை நியமித்தன. அருங்காட்சியகத்துக்கென்றே அமைந்த முதல் ஆய்வுக்கூடம் அவருடையது. நியூயார்க்கில் காலின் ஃபிங்க் என்பவர் மின்னாற்பகுப்பின் மூலம் பண்டைய வெண்கலங்களை மீட்கும் முறையை 1925ஆம் ஆண்டு நூலாக வெளியிட்டார். இவை நடந்து சில ஆண்டுகளிலேயே, 1930ஆம் ஆண்டில், சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் வேதியியல் பாதுகாப்பு ஆய்வுக்கூடம் தொடங்கப்பட்டது என்பது நாம் பெருமையுடன் நினைவுகூர வேண்டிய செய்தி. இந்தியாவில் இவ்வகையில் அதுவே முதலாவது. அப்போது அருங்காட்சியகத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர் கிரேவ்லி. 1932ஆம் ஆண்டு டி. என். இராமச்சந்திரனுடன் இணைந்து அங்குள்ள தென்னிந்திய உலோகப் படிமங்களுக்கு விரிவான அட்டவணை வெளியிட்டவர். ஆய்வுக்கூடத்தைக் கட்டியெழுப்பியவர் எஸ். பரமசிவன்.

அன்றைய தேவை என்ன என்பதையும் பார்க்க வேண்டும். 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, தமிழ்நாட்டு வயல்களிலும் கோயில் வளாகங்களிலும் தோண்டும்போது கிடைத்த படிமங்கள் ஆட்சியர் வழியாக எழும்பூருக்கு வந்துகொண்டிருந்தன. பல பச்சைப் பொடியாக உதிர்ந்துகொண்டிருந்தன. பரமசிவன் கையாண்ட மின்னாற்பகுப்பு முறையை எளிதாகச் சொல்லலாம். காஸ்டிக் சோடா கரைசல் நிரம்பிய தொட்டியில் படிமம் எதிர்மின்வாயாகத் தொங்கவிடப்படும். இரும்புத் தகடுகள் நேர்மின்வாய். குறைந்த மின்னோட்டம் நீண்ட நேரம் செலுத்தப்படும். குளோரைடு படிமத்தைவிட்டு விலகி நேர்மின்வாயை நோக்கிப் போகும். படிமத்தின் மேல் தோன்றும் ஹைட்ரஜன் செப்புச் சேர்மங்களை மீண்டும் உலோகமாக்கும், அல்லது இளக்கிவிடும். பிறகு பலமுறை நீரில் ஊறவைத்துக் கழுவுவார்கள். வடிவமே தெரியாத பச்சைக் கட்டியாக உள்ளே போனது நடராசராகவோ சோமாஸ்கந்தராகவோ வெளியே வந்தபோது, அதைப் பார்த்தவர்களுக்கு இரண்டாம் பிறப்பு என்றே தோன்றியிருக்கும்.

இந்த முறைக்கும் ஒரு விலை இருந்தது. நெடுங்காலம் புதைந்திருந்த வெண்கலத்தில் ஸ்தபதி விட்டுச்சென்ற மேற்பரப்பு எஞ்சிய உலோகத்தின் மேல் இருப்பதில்லை. அரித்து உருவான படிவத்துக்குள்தான் இருக்கிறது. உலோகம் தாதுவாக மாறும்போது பழைய வடிவத்தின் கோட்டைத் தன்னுள் பதிந்துவைத்துக்கொள்கிறது. படிவம் முழுவதையும் களைந்துவிட்டால் கிடைப்பது ஸ்தபதி முடித்த படிமம் அன்று. அதனினும் மெலிந்த ஓர் உட்கூடு. இந்த உணர்வு வலுப்பெற்றபின், 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், முழுமையாக உரிப்பதைவிட நோயை நிறுத்தி வைப்பதே நல்லது என்ற கருத்து வளர்ந்தது. 1967ஆம் ஆண்டு டென்மார்க்கின் மாட்சன் பரிந்துரைத்த பென்சோடிரையசோல் என்ற சேர்மம் செம்பின் மேல் மெல்லிய காப்புப் படலமாகப் படிந்து அரிப்பைத் தடுக்கிறது, களிம்பை எடுப்பதில்லை. மருத்துவர் அறுவையிலிருந்து மருந்துக்கு நகர்ந்தார் என்று கொள்ளலாம்.

மீயொலி இந்த வரலாற்றுக்குள் வேறொரு வழியாக நுழைகிறது. குவார்ட்ஸ் போன்ற படிகங்களை அழுத்தினால் மின்சாரம் பிறக்கிறது என்பதை 1880ஆம் ஆண்டு கியூரி சகோதரர்கள் கண்டனர். மின்சாரம் செலுத்தினால் படிகம் அதிரும் என்பது அதன் மறுபக்கம். முதல் உலகப்போரில் நீர்மூழ்கிக் கப்பல்களைக் கண்டறிய பால் லாஞ்ஜ்வான் இதைப் பயன்படுத்தினார். காது கேட்க முடியாத, நொடிக்கு 20,000க்கும் மேற்பட்ட அதிர்வுகள் கொண்ட ஒலியை அவர் தொட்டி நீரில் செலுத்தியபோது அருகிலிருந்த மீன்கள் மாண்டன. நீரில் வைத்த கையில் வலி எடுத்தது. 1917ஆம் ஆண்டு ராலே பிரபு, நீரிலுள்ள குமிழி சுருங்கி உடையும்போது அதன் மையத்தில் எவ்வளவு பெரிய அழுத்தம் எழும் என்பதைக் கணக்கிட்டார். கப்பல் சுழலிகளின் உலோக இதழ்கள் அரிபடுவது அவர் முன் இருந்த சிக்கல். மீயொலி பரவும் திரவத்தில் ஒளி எவ்வாறு சிதறுகிறது என்ற கொள்கையை 1935ஆம் ஆண்டில் வகுத்தவர்கள் திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி. வி. ராமனும் அவருடைய மாணவர் நாகேந்திர நாத்தும். இரண்டாம் உலகப்போருக்குப் பின் பேரியம் டைட்டனேட் போன்ற மலிவான பீங்கான் அதிர்விகள் வந்தபோது இவையெல்லாம் ஒரு தொழிற்கருவியாகத் திரண்டன.

அக்கருவியின் வேலை இதுதான். திரவத்தில் ஒலியலை செல்லும்போது அழுத்தம் ஏறி இறங்குகிறது. இறங்கும் கணத்தில் நுண்குமிழிகள் தோன்றுகின்றன. ஏறும் கணத்தில் உடைகின்றன. பரப்புக்கு அருகில் உடையும் குமிழி, ஊசிமுனை போன்ற நீர்த்தாரையை அப்பரப்பின் மீது வீசுகிறது. நொடிக்கு 20,000 முதல் 40,000 முறை அதிரும் தொட்டியில் கணக்கற்ற நுண்தாரைகள் எல்லாப் பக்கமும் அடிக்கின்றன. தூரிகை நுழையாத துளைக்குள்ளும் திரவம் நுழையும். திரவம் நுழைந்த இடமெல்லாம் குமிழியும் நுழையும். கடிகாரப் பற்சக்கரம், எரிபொருள் செலுத்தும் நுண்துளை, அறுவைக் கருவி, நகை, மூக்குக் கண்ணாடி என இதன் பயன்பாடு விரிந்தது. வேகமான அதிர்வில் குமிழிகள் சிறிதாகவும் மென்மையாகவும் இருக்கும். மெதுவான அதிர்வில் பெரிதாகவும் வலுவாகவும் இருக்கும். துப்புரவாளர் தெரிவு செய்யக்கூடியது இந்த வலுவை மட்டுமே. எது அழுக்கு, எது பொருள் என்பதைக் குமிழி அறியாது. வலுவற்று ஒட்டியிருப்பதெல்லாம் அதற்கு அழுக்குத்தான்.

தொழிற்சாலையில் இது குறையன்று. அங்கே எண்ணெயும் உலோகத்தூளும்தான் அழுக்கு என்பது முன்பே முடிவாகிவிட்ட ஒன்று. பழம்பொருளில் அந்த முடிவு எடுக்கப்பட்டிருப்பதில்லை. அதனால்தான் பாதுகாப்பு வல்லுநர்கள் அரித்த வெண்கலத்தை மீயொலித் தொட்டியில் முழுக்கத் தயங்குகிறார்கள். விரிசல்கள் விரியலாம், வடிவத்தைத் தாங்கும் படிவமே உதிரலாம். 1950களில் பல் மருத்துவர்களுக்காக வந்த மீயொலிச் சுரண்டியை அவர்கள் இரவல் வாங்கிக்கொண்டார்கள். உருப்பெருக்கியின் கீழ், கையால் பிடித்து, ஒரு மில்லிமீட்டர் இடத்தில் மட்டும் மண்கட்டியைத் தளர்த்தி, நிறுத்திப் பார்த்து, மேலே போகும் வேலை அது. கருவி புதியது, பொறுமை மிகப் பழையது.

அழுக்கு சாட்சியாக நின்ற வழக்கு ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். 1976ஆம் ஆண்டு தஞ்சைப் பகுதியின் பத்தூரில் மண்ணிலிருந்து நடராசர் படிமம் ஒன்று கிடைத்து, கைமாறி, கடல் கடந்தது. 1982ஆம் ஆண்டு கனடாவின் பம்பர் டெவலப்மென்ட் நிறுவனம் அதை வாங்கியது. சீரமைப்புக்காக பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருந்தபோது லண்டன் காவல்துறை அதைக் கைப்பற்றியது. வழக்கில் பத்தூர் சிவன் கோயிலும் ஒரு தரப்பாக நின்றது. அதே இடத்தில் கிடைத்த பிற படிமங்களோடு லண்டன் நடராசரை ஒப்பிட்டுக் காட்ட, உலோகக் கலவையும் கலைப்பாணியும் மட்டுமன்றி, ஒட்டியிருந்த மண்ணும் கறையான் அரித்த தடங்களும் கூட ஆராயப்பட்டன. 1988ஆம் ஆண்டு தீர்ப்பு இந்தியாவுக்குச் சாதகமாக வந்தது. 1991ஆம் ஆண்டு மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. நடராசர் திரும்பினார். வாங்கியவர்கள் முன்னதாகவே அவரைப் பளபளப்பாக்கியிருந்தால் அந்தச் சான்றுகளில் ஒரு பகுதி கழுவிய நீரோடு போயிருக்கும்.

இதன் மறுதலை சிவபுரம். கும்பகோணத்துக்கு அருகிலுள்ள அவ்வூரில் 1951ஆம் ஆண்டு மண்ணிலிருந்து கிடைத்த நடராசரும் பிற படிமங்களும் 1954ஆம் ஆண்டு பழுது பார்ப்பதற்காக அனுப்பப்பட்டன. கோயிலுக்குத் திரும்பி வந்தவை போலிகள். புதிதாகத் துலக்கப்பட்ட படிமம் பழைய தோற்றத்தில் இராது என்பது எல்லோரும் எதிர்பார்ப்பதே. ஆகவே வேறுபாடு எவர் கண்ணையும் உறுத்தவில்லை. 1965ஆம் ஆண்டு பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் டக்ளஸ் பாரெட், கோயிலில் இருப்பது போலி என்று எழுதிய பிறகே உண்மை பொதுவெளிக்கு வந்தது. மூலப்படிமத்தை 1973ஆம் ஆண்டு நார்ட்டன் சைமன் அறக்கட்டளை வாங்கியது. 1976ஆம் ஆண்டு உடன்பாட்டின்படி பத்தாண்டுகள் அமெரிக்காவில் இருந்த பிறகே அது இந்தியா திரும்பியது. களவுக்குத் திரையாக நின்றது சுத்தம் செய்தல் என்ற நற்செயல்.

பத்தூரில் மண் சாட்சி சொன்னது. வீரசோழபுரத்துச் சுந்தரருக்கு அது போதாது. தொடர் வழிபாட்டில் இருந்து, பிறகு சந்தையில் கைமாறிய படிமத்தில் ஊர் மண்ணை எங்கே தேடுவது? துலக்குவதற்கும் களவுக்கும் முன்பே எடுத்து வைக்கப்பட்ட படம்தான் அங்கே பேசியது. 1955ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தினர் ஊர் ஊராகச் சென்று எடுத்த படங்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். ஆகம ஆய்வுக்கும் கலை ஆய்வுக்குமாக எடுக்கப்பட்டவை அவை. கள்ளக்குறிச்சி அன்று தென்னார்க்காடு மாவட்டத்தின் ஒரு வட்டம். அது விழுப்புரம் மாவட்டத்துக்குப் போய், 2019ஆம் ஆண்டு தனி மாவட்டமாகியும்விட்டது. படத்தின் குறிப்பு மட்டும் மாறாமல் இருந்தது.

சுந்தரர் பிறந்த திருநாவலூர் இதே கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இருப்பது தற்செயல்தான். ஆனால் பெரியபுராணம் அறிந்தவர்களுக்கு மற்றொன்றும் நினைவுக்கு வரக்கூடும். விருத்தாசலத்தில் இறைவன் தந்த பொன்னைச் சுந்தரர் மணிமுத்தாற்றில் இட்டுவிட்டு, திருவாரூர்க் குளத்தில் எடுக்கிறார். அந்த மணிமுத்தாறு கல்வராயன் மலையில் பிறப்பது. ஆற்றில் இடுமுன் சுந்தரர் மச்சமாகச் சிறிது பொன்னை வெட்டி எடுத்து வைத்துக்கொள்கிறார். குளத்தில் பரவையார் முன்னிலையில் எடுத்த பொன்னை அம்மச்சத்தோடு ஒப்பிட, மாற்றுக் குறைந்திருக்கிறது. அவர் மீண்டும் பாடி, உரைக்கு ஒத்த பொன்னைப் பெறுகிறார். இறைவனிடமே கொடுத்து வைத்தாலும் மாதிரியைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும் என்ற இந்த நிதானம், பக்தியோடு முரண்படுவதாகச் சேக்கிழார் கருதவில்லை. 1956ஆம் ஆண்டுப் புகைப்படம் அப்படிப்பட்ட ஒரு மச்சம்.

இனிமேல் நடக்க வேண்டியதைப் பற்றிய கேள்வி கடினமானது. அருங்காட்சியகத்துக்கு அது பழம்பொருள். பச்சைப் படலமும் அதன் வயதின் அழகு. கோயிலுக்கு அது உயிருள்ள மூர்த்தி; நீராட்டாமல் வைத்திருப்பதே குற்றம். இரண்டில் ஒன்று தவறு என்று சொல்ல இயலாது. அபிடேகத்துக்காகவே வார்க்கப்பட்டதை ஈரம் படாமல் காப்பது ஒரு வகை அழிவென்றால், அறியாமல் தேய்ப்பது மற்றொரு வகை அழிவு. பாதுகாப்புக்காகக் காற்றோட்டமில்லாத அறைகளில் பூட்டி வைப்பது மூன்றாவது. உள்ளே குளோரைடு இருக்கும் படிமத்துக்கு ஈரக்காற்று போதும், வெண்கல நோய் தொடங்கிவிடும்.

செய்யக்கூடியது எளிமையானது, செலவும் குறைந்தது. எந்தப் படிமத்தையும் துலக்குமுன் எல்லாப் பக்கங்களிலும், பீடத்தின் அடிப்புறம் உட்பட, படம் எடுக்க வேண்டும். எடையும் அளவும் குறிக்க வேண்டும். மண்ணிலிருந்து கிடைத்ததென்றால் ஒட்டியிருக்கும் மண்ணில் சிறிது தனியே எடுத்து வைக்க வேண்டும். குழியும் முறிவும் குறைகளல்ல, அடையாளங்கள் என்பதைப் பணி செய்பவருக்குச் சொல்ல வேண்டும். இவை முடிந்தபின் புளியானாலும் மீயொலியானாலும் அதற்குரிய இடத்தில் பயன்படட்டும். களிம்பு போய்விட்டால் மீண்டும் வரும். அது செம்பின் இயல்பு. கழுவிப்போன சாட்சி மீண்டும் வராது.